கொழுப்பும் குருதிக்கலனும்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

வளர்ந்தோர் உடலிலும் தன் அளவிற் பெரிதும் கூடவும் குறையவும் வல்லது கொழுப்பிழையம். வாய்க்காலின்றி வயல் விரியாதவாறு போல, உணவும் ஒட்சிசனும் கொணரும் குருதிக்கலன்கள் புதிதாகத் தோன்றாவிடின் கொழுப்பிழையமும் பெருகாது. இவ்வுண்மை உடற்பருமன் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்த வழி புற்றுநோய் ஆராய்ச்சியாகும்.

புற்றுக்கட்டி தனக்கெனக் குருதிக்கலன்களை வளர்த்தே பெருகுகின்றது என்னும் கருதுகோளை, அமெரிக்கச் சத்திரவைத்தியரான ஜூடா போக்மன் 1971 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அறிஞர் பலர் அதனை ஐயுற்றனர். 1983 இல் செங்கர், டுவோராக் முதலியோர் கலன்களைக் கசியச் செய்யும் புரதமொன்றைக் கட்டிகளிற் கண்டனர். 1989 இல் பெராரா குழுவினர் குருதிக்கலன் வளர்ச்சிக் காரணியொன்றைப் பிரித்தெடுத்தனர். இரண்டும் ஒரே பொருளென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

கட்டிக்கு உண்மையாயது கொழுப்புக்கும் உண்மையாகுமோ? 2002 இல் ருப்னிக், போக்மன் முதலியோர், பரம்பரையாற் பருத்த சுண்டெலிகளுக்குக் கலன் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளை அளித்தனர். எலிகள் மெலிந்தன, மருந்தை நிறுத்தியதும் மீண்டும் பருத்தன. 2011 இல் வேறொரு குழுவினர், கொழுப்பிழையத்தின் கலன்களை அழிக்கும் மருந்தைப் பருத்த ரீசஸ் குரங்குகளுக்கு நான்கு வாரம் அளித்தபோது, அவற்றின் நிறை ஏறத்தாழ 11 வீதம் குறைந்தது. ஆயினும் சிறுநீரகமும் ஓரளவு தாக்குற்றது. மருந்தை நிறுத்த அது மாறியது.

வாய்க்காலை அடைப்பதே வழியெனத் தோன்றிய வேளையில், 2012 இல் வெளிவந்த ஆய்வுகள் மறுபக்கத்தைக் காட்டின. கொழுப்பிழையத்தில் இவ்வளர்ச்சிக் காரணியை மிகுவித்த எலிகள், கொழுப்புணவு உண்டும் பருமனுக்கும் இன்சுலின் எதிர்ப்புக்கும் எளிதில் ஆளாகவில்லை. கலன் குன்றிய கொழுப்பிழையம் ஒட்சிசன் குறைவால் அழற்சியுற்று, நார்பற்றி, உடல் முழுவதற்கும் தீங்கு செய்வதே இதன் காரணம். அதேவேளை, முன்னரே பருத்த எலிகளில் அக்காரணியைத் தடுத்தமையும் நன்மை பயந்தது.

எனவே ஒரே காரணி, இழையம் விரியுங்காலத்துக் காவலாகவும், கெட்டபின் கேட்டுக்குத் துணையாகவும் அமைகின்றது. மேலும் இக்காரணி ஏனைய உறுப்புகளுக்கும் இன்றியமையாதது. புற்றுநோய்க்காக இதனைத் தடுக்கும் மருந்துகள் குருதியமுக்கத்தை உயர்த்துவதும் சிறுநீரகத்தைத் தாக்குவதும் உண்டு. நெடுங்காலம் நீடிக்கும் உடற்பருமனுக்கு அத்தகைய மருந்தை நாடுவோர் இதனை மறத்தலாகாது. அடைப்பதா, வளர்ப்பதா என்பதனினும், எங்கே, எப்பொழுது என்பதே இவ்வரலாறு எழுப்பும் வினாவாகும்.