ஒரே விலையில் இரண்டு லேப்டாப்கள்

பொறியியல் கவுன்சலிங் முடிந்து கல்லூரியில் சேர்ந்ததும் வீட்டில் அடுத்துக் கிளம்பும் பேச்சு லேப்டாப்தான். ஒரு லட்சத்தைத் தொடும் செலவு. நான்கு ஆண்டு உழைக்க வேண்டிய பொருள். இந்த விலையில் தேடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றில் வந்து நிற்கிறார்கள்: ஆப்பிளின் மேக்புக் ஏர், அல்லது ஹெச்பி விக்டஸ் போன்ற கேமிங் லேப்டாப். 2025 மார்ச்சில் எம்4 ஏர் இந்தியாவுக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 99,900 ரூபாய், மாணவர்களுக்கு 89,900. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள விக்டஸும் அந்த வட்டாரத்தில்தான் கிடைக்கிறது.

தோளில் மாட்டிப் பார்த்தால் ஏருக்கு ஈடில்லை. 13 அங்குல ஏரின் எடை 1.24 கிலோ. 15.6 அங்குல விக்டஸ் 2.29 கிலோ, அதன் 150 அல்லது 200 வாட் சார்ஜரையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டு, டிராஃப்டர், சாப்பாட்டு டப்பாவோடு பேருந்தில் நின்றுகொண்டு வருகிற டே ஸ்காலருக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல. சார்ஜும் அப்படித்தான். ஏர் 18 மணி நேரம் வீடியோ ஓடும் என்கிறது ஆப்பிள். குறிப்பெடுப்பதும் புரோகிராம் எழுதுவதுமாக இருந்தால், காலையில் ஏற்றிய சார்ஜ் மாலை வரை தாராளமாகத் தாங்கும். விக்டஸில் அரை நாள் ஓட்டுவதே பாடு. கிராஃபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓட வேண்டுமென்றால் பிளக் பாயின்ட் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஏரில் ஃபேனே கிடையாது, நூலகத்தில் சத்தமில்லாமல் வேலை பார்க்கலாம்.

இவ்வளவு இருந்தும் மெக்கானிக்கல், சிவில் மாணவருக்கு ஏரை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. காரணம் அவர்கள் படிக்கப்போகும் மென்பொருள்கள். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும். ரெவிட், ஈடாப்ஸ், ஸ்டாட் ப்ரோ ஆகியவையும் அப்படியே. ஆன்சிஸுக்கு விண்டோஸோ லினக்ஸோ வேண்டும். இசிஇ மாணவர்கள் எஃப்பிஜிஏ லேபில் திறக்கும் விவாடோவும் அதே கதைதான். மைக்ரோகன்ட்ரோலர் லேபின் கெய்ல் விண்டோஸுக்கானது. முன்பெல்லாம் இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் மூலம் விண்டோஸை நேரடியாக ஏற்றிக்கொள்ளலாம். 2020 நவம்பரில் எம்1 சிப் வந்ததோடு அந்த வழி அடைபட்டது. இப்போது பேரலல்ஸ் என்ற மென்பொருள் வழியாக ஏற்றுவது ஆர்ம் வகைச் சிப்புகளுக்கான விண்டோஸ். அதில் சில மென்பொருள்கள் திறக்கலாம். ஆனால் புராஜெக்ட் சமர்ப்பிக்கும் முந்தின இரவில் ஏதாவது நின்றுபோனால் உதவி கேட்க ஆள் இருக்காது. ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்களும் ஆர்ம்தான் என்பதை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

சின்னச் சின்ன வசதிகளையும் பார்க்க வேண்டும். வரைபடத்தில் அளவு போட்டுக்கொண்டே போகும்போது, விக்டஸின் வலது ஓரத்தில் இருக்கும் நம்பர் பேடில் கை தானாகப் போய் விழும். 47.5 என்று தட்டி என்டர் அடிக்கக் கண் திரையை விட்டு நகர வேண்டியதில்லை. ஏரில் அந்தப் பேட் இல்லை. சாலிட்வொர்க்ஸில் பாகத்தைத் திருப்பிப் பார்க்க மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்த வேண்டும், டச்பேடை வைத்துக்கொண்டு யாரும் ஒழுங்காக மாடல் செய்ய முடியாது. ஆர்டுவினோ யூனோவின் வழக்கமான கேபிளைச் செருக ஏரில் துளை கிடையாது, ஹப் வாங்க வேண்டும். விக்டஸில் நேராகச் செருகலாம்.

அதற்காகக் கிராஃபிக்ஸ் கார்டுக்குத்தான் விக்டஸ் என்று நினைத்தால் அது தவறான கணக்கு. கடைக்காரர் அதைத்தான் முதலில் சொல்வார். ஆன்சிஸின் இலவச மாணவர் பதிப்பு, கட்டமைப்புக் கணக்குகளில் 1,28,000 நோடுகளோடு நின்றுவிடும். அந்த அளவு கணக்குக்கு ப்ராசஸரும் 16 ஜிபி ரேமும் போதும். ஏஐ கற்கவே என்விடியா கார்டு வேண்டும் என்பவர்களுக்கு, கூகுள் கோலாபில் டி4 ஜிபியு இலவசமாகவே கிடைக்கிறது. நேர வரம்பு உண்டு என்றாலும் பாடத்துக்கு அது போதும்.

விக்டஸின் உண்மையான பலம் அடிமூடிக்குள் இருக்கிறது. ஸ்க்ரூக்களைக் கழற்றினால் இரண்டு ரேம் ஸ்லாட், எஸ்எஸ்டியையும் மாற்றிக்கொள்ளலாம். மூன்றாம் ஆண்டில் அசெம்பிளி பெரிதாகி இயந்திரம் திணறும்போது தேவைக்குக் கூட்டிக்கொள்ளலாம். ஏரில் எல்லாம் போர்டோடு ஒட்டியது, வாங்கிய அன்று உள்ளதுதான் கடைசி வரை. எம்4 வந்தபோது 256 ஜிபியிலிருந்து 512 ஜிபிக்குப் போக மட்டும் 20,000 ரூபாய் கூடுதல். ஒரே மென்பொருள் பல பத்து ஜிபியை விழுங்கும் காலத்தில் 256 ஜிபி என்பது ரொம்பக் குறைவு.

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி மாணவருக்குத் தீர்ப்பு அப்படியே மாறும். பைத்தான், ஜாவா, டாக்கர் எல்லாம் ஏரில் தடையின்றி ஓடும், டெர்மினலும் யூனிக்ஸ் வழி வந்தது. மேட்லாபும் 2023-இன் இரண்டாம் பதிப்பிலிருந்து ஆப்பிள் சிப்பில் நேரடியாகவே ஓடுகிறது. அவர்கள் இரண்டரைக் கிலோவைச் சுமந்து திரிய எந்த நியாயமும் இல்லை.

கேமிங்கில் ஆர்வமில்லாத மெக்கானிக்கல் மாணவருக்கு இரண்டுமே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். இன்டெல் அல்லது ஏஎம்டி சிப், 16 ஜிபி ரேம், காலி ஸ்லாட் ஒன்று, ஒன்றரைக் கிலோ எடை என்று 14 அங்குல விண்டோஸ் லேப்டாப் கிடைத்தால், பாடத்துக்குத் தேவையான மென்பொருள்கள் அதிலேயே திறக்கும். மிச்சப் பணத்தில் நல்ல மவுஸும் விடுதி அறைக்கு ஒரு 24 அங்குல மானிட்டரும் வாங்கலாம். எதுவானாலும், சீனியர் ஒருவரிடம் மூன்றாம், ஐந்தாம் செமஸ்டர் லேப் மேனுவலை வாங்கி, அதிலுள்ள மென்பொருள் பெயர்களைக் குறித்துக்கொண்ட பிறகே கடைக்குப் போங்கள். முதல் ஆண்டில் சி நிரலும் ஓர் எளிய வரைபடமும்தான், பழைய லேப்டாப் போதும். ஓர் ஆண்டு தள்ளி வாங்குவதால் பாடம் எதுவும் கெட்டுவிடாது.