நாளுக்கு ஓர் ஏடு

வாய்மொழியாக வந்ததை எழுத்தில் வைக்கலாகாது என்று யூத மறை அறிஞர்கள் ஒரு காலத்தில் விதித்திருந்தனர். மோசேயின் சட்டம் தோற்சுருளில் இருந்தது. அதை வாசிக்கலாம், படியெடுக்கலாம். ஆனால் அச்சட்டத்திற்கு ஆசிரியர் தந்த விளக்கம் அவர் வாயிலிருந்து மாணவரின் செவிக்கு மட்டுமே செல்லவேண்டும். ஏன் இந்தக் கட்டுப்பாடு? எழுதி வைத்ததை எவரும் தம் வீட்டிற்கு எடுத்துச் சென்று தனியே படித்துக் கொள்ளலாம். கேட்டறிய வேண்டுமானால், ஆசிரியர்முன் சென்று அமர்ந்தே ஆகவேண்டும். கல்வி என்பது ஆளுக்கும் ஆளுக்கும் இடையே நிகழ்வது என்ற எண்ணமே அவ்விதியின் அடியில் கிடந்ததாக நமக்குத் தோன்றுகிறது.

கி.பி. 70ஆம் ஆண்டில் எருசலேம் கோவில் உரோமைப் படைகளால் அழிந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, கம்லாவின் மகன் யோசுவா என்னும் தலைமைக்குரு ஊர்தோறும் சிறுவர்க்கு ஆசிரியர்களை அமர்த்தச் செய்தார் என்று தல்மூது நன்றியோடு நினைவுகூர்கிறது. இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். நாற்பதானால் அவருக்குத் துணையாக ஓர் உதவியாளர். ஐம்பதானால் இரண்டு ஆசிரியர்கள் என்று அங்கே கணக்கும் வகுக்கப்பட்டுள்ளது. இன்றும் பல பள்ளிகளுக்கு எட்டாத கணக்கு அது!

கோவில் போனபின் மக்கள் சிதறினர். நினைவில் மட்டும் நின்ற கல்வி நினைவோடு போய்விடும் என்ற அச்சம் பிறந்தது. ஏறத்தாழ கி.பி. 200 அளவில் குலத்தலைவர் யூதா என்ற ரபி, தலைமுறைகளின் தீர்ப்புகளை மிஷ்னா என்னும் நூலாகத் தொகுத்தார். அதன்மேல் எழுந்த விவாதங்கள் பின்னர் பாபிலோனியத் தல்மூதாகத் திரண்டன. சட்டத்தைக் காப்பதற்காகவே ஒரு விதியை மீறவேண்டிய வேளையும் உண்டு என்று திருப்பாடல் வரி ஒன்றுக்குப் புதுப்பொருள் கண்டு, எழுதுவதற்கு இசைவு தந்தார்கள். எழுத்து அவர்களுடைய முதல் புதுக்கருவி. அதை அவர்கள் மகிழ்ந்து வரவேற்கவில்லை. வேறு வழியின்றி ஏற்றார்கள் என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

அடுத்த கருவியான அச்சுக்கு அத்தகைய தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆண்டு குறிக்கப்பட்ட முதல் எபிரேய அச்சு நூல் 1475இல் தென்னித்தாலியின் ரெஜ்ஜியோ நகரில் வெளிவந்தது. ராஷி என்னும் பிரெஞ்சு நாட்டுப் பேராசிரியர் ஐந்நூல்களுக்கு எழுதிய உரை அது. அதற்குப் பயன்பட்ட வளைந்த எழுத்துருவை இன்றும் 'ராஷி எழுத்து' என்கிறார்கள். 1105இல் மறைந்த ராஷி அப்படி ஓர் எழுத்தை எழுதியவர் அல்லர். அச்சுக்கோத்தவர்களின் வசதி அவர் பெயரைத் தாங்கிவிட்டது.

தல்மூது முழுவதையும் முதன்முதலாக அச்சிட்டவர் யூதர் அல்லர் என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கும். ஆன்ட்வெர்ப் நகரிலிருந்து வெனிஸ் வந்து குடியேறிய டேனியல் பொம்பெர்க் என்ற கிறிஸ்தவ வணிகரே அவர். யூதர் சொந்தமாக அச்சகம் நடத்த வெனிஸ் இடம் தராத காலம் அது. 1516இல்தான் அந்நகர் யூதரைத் தனிக்குடியிருப்புக்குள் அடைத்து, 'கெட்டோ' என்ற சொல்லையே உலகுக்குத் தந்தது. தம்மிடம் வேலை செய்யும் யூதர்கள் மஞ்சள் தொப்பிக்கு மாறாகக் கறுப்புத் தொப்பி அணிய அனுமதிக்கவேண்டும் என்று பொம்பெர்க் அரசிடம் விண்ணப்பித்தார். திருத்தந்தை பத்தாம் லியோ அவருக்கு அச்சுரிமை வழங்கினார். யூதராய்ப் பிறந்து அகுஸ்தீன் சபைத் துறவியான ஒருவர் அவருடைய முதல் எபிரேய விவிலியப் பெரும்பதிப்பைச் செப்பனிட்டார். 1520க்கும் 1523க்கும் இடையில் தல்மூது முழுமையாக வெளிவந்தது.

இப்பதிப்பின் பெருமை அதன் பக்க அமைப்பில் இருக்கிறது. நடுவில் மூலம், கட்டு ஓரமாக ராஷியின் உரை, வெளியோரத்தில் அவருக்குப் பின்வந்தவர்களின் மறுப்பும் விளக்கமும். சொன்சீனோ என்ற அச்சுக் குடும்பத்தார் முன்பே தொடங்கிவைத்த முறைதான். பொம்பெர்க் அதை நிலைநிறுத்தினார். ஏடுகளுக்கு எண்ணிட்டவரும் அவரே. அந்த எண்கள் இன்றுவரை மாறவில்லை. வில்னாவில் 1880 முதல் 1886 வரை 'ரோம் விதவையும் சகோதரரும்' என்ற பெயரில் வந்த புகழ்பெற்ற பதிப்பும் அதே ஏட்டெண்களைத்தான் பின்பற்றியது. ஆகவே, பதினாறாம் நூற்றாண்டிலிருந்து உலகின் எம்மூலையில் இருக்கும் மாணவரும் ஏட்டையும் அதன் பக்கத்தையும் சொன்னால் போதும். மற்றவர் அதே சொல்லில் விரல் வைப்பார். 'ஷாஸ் போலக்' என்று அழைக்கப்பட்ட போலந்து அறிஞர் சிலர், ஏடுகளின் ஊடே ஓர் ஊசியைக் குத்தினால் அடியிலுள்ள பக்கங்களில் அது எந்தச் சொல்லைத் துளைத்தது என்று பாராமலே கூறும் அளவுக்கு நூலை மனத்தில் பதித்திருந்தனர். ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலார் 1917இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அச்சு வந்தால் நினைவாற்றல் அழியும் என்பார்கள். இங்கே அச்சுப் பக்கமே நினைவின் வடிவமாயிற்று.

ஆனால் அச்சு வேறொன்றையும் எளிதாக்கியது. ஓரிடத்தில் குவிந்த நூலை ஒரே நாளில் கொளுத்தவும் முடிந்தது. வெனிஸ் நகரின் இரண்டு கிறிஸ்தவ அச்சக உரிமையாளர்கள், மைமோனிடஸின் சட்ட நூலை யார் வெளியிடுவது என்பதில் 1550இல் பூசலிட்டு, உரோமை வரை வழக்கைக் கொண்டுசென்றனர். வணிகப் போட்டியில் தொடங்கிய குற்றச்சாட்டு, எபிரேய நூல்களில் திருமறைக்கு எதிரான நிந்தை உண்டு என்ற விசாரணையாக வளர்ந்தது. 1553 செப்டம்பர் 9ஆம் நாள், யூதரின் புத்தாண்டுப் பெருவிழாவன்று, உரோமையின் காம்போ தே ஃபியோரி சதுக்கத்தில் தல்மூது படிகள் எரிக்கப்பட்டன. மூன்றாம் ஜூலியஸ் திருத்தந்தையாக இருந்த காலம். அடுத்த மாதம் வெனிஸிலும், நூல் பிறந்த நகரிலேயே, தீ மூட்டப்பட்டது. 1559இல் தல்மூது தடை நூற்பட்டியலில் ஏறியது. பின்னர் பாசலில் வெளிவந்த பதிப்பு, தணிக்கையின் கத்தரிக்கோலுக்குத் தப்பியதை மட்டும் தாங்கி வந்தது; ஒரு பகுதி முழுவதுமாகவே விடப்பட்டது.

இதை நாம் வேறொருவருடைய வரலாறாகப் படித்துக் கடந்துவிட முடியாது. தீ வைத்தவர்கள் நம் இல்லத்தார். 2000 மார்ச் மாதத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் எருசலேமின் மேற்கு மதிலின் இடுக்கில் மன்னிப்பு வேண்டும் சீட்டு ஒன்றைச் செருகினாரே, அதன் பின்னே இந்தச் சாம்பலும் இருந்தது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியபோது அதை ஆக்கித் தந்த என்றீக்கே என்றீக்கஸ் அடிகளார், முத்துக்குளித்துறை மக்களிடையே பணிபுரிந்து 1600இல் மறைந்தவர், யூத வழியில் வந்த போர்த்துக்கீசியர். அவ்வழி வந்தவர் என்பதற்காகவே பிரான்சிஸ்கு சபை அவரை வெளியேற்றியது; இயேசு சபை ஏற்றுக்கொண்டது. தமிழ் அச்சின் தந்தை என்று நாம் போற்றுபவரின் முன்னோர் வீட்டில் எந்த எபிரேய நூல் இருந்ததோ, எது மறைக்கப்பட்டதோ, யார் அறிவார்!

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1923இல் வியன்னாவில் கூடிய வைதிக யூதர் மாநாட்டில், போலந்தைச் சேர்ந்த மெயிர் ஷபீரோ என்ற இளம் ரபி ஒரு திட்டத்தை முன்வைத்தார். எல்லாரும், எல்லா நாடுகளிலும், நாளுக்கு ஒரே ஏட்டைப் படிப்பது. கப்பலில் நெடும்பயணம் போகும் ஒருவர் வழியிலும் அன்றன்றைய ஏட்டைப் படித்து வருவார். அமெரிக்காவில் இறங்கி முன்பின் அறியாத ஒரு படிப்பகத்தில் நுழைந்தால், அங்குள்ளோரும் அவர் விட்ட இடத்திலேயே இருப்பார்கள் என்று அவர் விளக்கினார். அவ்வாண்டு புத்தாண்டு நாளில் முதல் ஏடு திறக்கப்பட்டது. பொம்பெர்க்கின் ஏட்டெண் இல்லாவிட்டால் இத்திட்டம் கனவிலும் நடவாது. இன்றைய கணக்கில் 2,711 ஏடுகள். ஏழரை ஆண்டுக்குச் சற்றே குறைவு. 1931இல் முதல் சுற்று நிறைவுற்றது. ஷபீரோ 1933இல் நாற்பத்தாறு வயதில் இறந்தார். லூப்ளின் நகரில் அவர் எழுப்பிய கல்லூரியை 1939இல் நாசிப் படை மூடியது. அவருடைய மாணவருள் பெரும்பாலோரைக் கொன்ற அந்தக் கொடுங்காலத்தால் அந்த அட்டவணையை மட்டும் கொல்ல இயலவில்லை.

அதன்பின் வந்த கருவிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இந்த ஏட்டைத் தேடி வந்தன என்றே சொல்லலாம். 1960இல் நியூயார்க் வானொலியில் ஹசிதிய மரபின் 'தானியா' நூலுக்கு வாரந்தோறும் பாடம் நடந்தது. லூபாவிச் சமூகத்தின் தலைவரே அதன் உரைப்படிகளைத் திருத்தித் தந்தார். புனிதமானதைக் காற்றில் விடுவதா, எந்த இடத்தில் எவர் கேட்பாரோ என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். பிறகு ஒலிநாடா, தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி அன்றைய ஏட்டின் விளக்கத்தைக் கேட்கும் வசதி. 1988இல், இணையம் பொதுமக்கள் கைக்கு வருமுன்பே, யோசேப் இசாக் கசேன் என்ற லூபாவிச் ரபி கணிப்பொறிகளைத் தொலைபேசிக் கம்பியால் இணைத்த வலையமைப்பில் மறைக்கல்வி வினாக்களுக்கு விடை தரலானார்.

இஸ்ரயேலில் இன்னும் முன்னதாக, 1963இல், கணிதவியலார் அவியெஸ்ரி ஃபிரெங்கெல் ரபிகளின் தீர்ப்புக் கடிதங்களைக் கணிப்பொறியில் ஏற்றித் தேடும் பணியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது பார் இலான் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. பல நூற்றாண்டு வினாவிடைகள் பின்னர் ஒரு குறுந்தகட்டில் அடங்கின. 2007இல் இப்பணிக்கு இஸ்ரயேல் பரிசு கிடைத்தது. ஒரு வாழ்நாள் முழுவதும் படித்த முதியவர் மட்டுமே சொல்லக்கூடிய மேற்கோளை இளைஞர் நொடியில் காட்டிவிடுகிறார். ஆனால் எதைத் தேடுவது என்று அவருக்கு யார் சொல்வது? தேடிய சொல் கிடைக்கும். அச்சொல் இல்லாமலே அப்பொருளைப் பேசும் இடம், பக்கம் பக்கமாகப் படித்தவருக்கே தெரியும்.

2017இல் நிகழ்ந்தது இன்னும் பெரிது. அதீன் ஸ்டைன்சால்ட்ஸ் என்ற எருசலேம் ரபி 1965இல் தொடங்கி 2010 வரை நாற்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து தல்மூது முழுவதற்கும் தற்கால எபிரேயத்தில் விளக்கம் எழுதியிருந்தார். அவ்விளக்கமும் அதன் ஆங்கில வடிவமும் 'செஃபாரியா' என்ற இணைய நூலகத்தில் எவரும் விலையின்றிப் படிக்கவும் எடுத்தாளவும் திறந்துவிடப்பட்டன. ஒரு காலத்தில் வண்டி வண்டியாக எரிக்கப்பட்ட நூல், இப்போது எரிக்க முடியாத இடத்தில் இருக்கிறது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. 2012 மே மாதத்தில் நியூயார்க்கின் சிட்டி ஃபீல்ட் விளையாட்டரங்கில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வைதிக யூத ஆண்கள் கூடி, இணையத்தின் தீமைகளைக் குறித்து எச்சரிக்கப்பட்டனர். அக்கூட்டம் வேறிடங்களில் கூடியிருந்த பெண்களுக்கு நேரடி ஒளிபரப்பாகவே காட்டப்பட்டது என்பது வேடிக்கை. அதே ஆண்டு ஆகஸ்டில், அருகிலிருந்த நியூ ஜெர்சி அரங்கில் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேர் நாளேட்டுச் சுற்றின் நிறைவைக் கொண்டாடினர். அவர்களில் எத்தனையோ பேர் தொடர்வண்டியில் காதில் கேட்பானை மாட்டிக்கொண்டே படித்து முடித்தவர்கள். சமூகம் ஒரு கையால் தள்ளியதை மறுகையால் பற்றியிருந்தது. இதைப் போலித்தனம் என்று நாம் எண்ணவில்லை. கண்ட குப்பையையும் வீட்டுக்குள் கொணரும் அதே கம்பி வழியேதான் பாடமும் வருகிறது என்ற தவிப்பு பிள்ளை வளர்க்கும் எவருக்கும் புரியும்.

சமூக ஊடகங்களின் வரவால் மிகுதியும் பயனடைந்தவர்கள் பெண்கள். நூற்றாண்டுகளாக அவர்களுக்குத் தல்மூதுக் கூடத்தின் கதவு அடைத்தே கிடந்தது. 2020 சனவரி 5ஆம் நாள் எருசலேம் மாநாட்டு அரங்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடி, நாளேட்டுச் சுற்று முடிந்ததைக் கொண்டாடினார்கள். 'ஹத்ரான்' என்ற அமைப்பு அதை நடத்தியது. ஒரு பெண் ஆசிரியர் நாள்தோறும் நடத்திய பாடத்தை இணையத்தில் கேட்டுப் படித்தவர்கள் பலர். ஹத்ரான் என்பது ஒரு பகுதியை முடிக்கும்போது அந்நூலை நோக்கியே மாணவர் சொல்லும் உறுதிமொழி: உன்னிடம் திரும்பி வருவோம் என்பது அதன் பொருள். பிறகு சிறுசிறு ஒளித்துணுக்குகளில் அன்றைய ஏட்டைக் கேலியும் கோபமுமாகப் பேசிய குரல்களும் தோன்றின. அத்துடுக்கு சிலரை முகஞ்சுளிக்க வைத்தது. தல்மூதைப் பொறுமையோடு படித்தவர்க்கு அதிலுள்ள ரபிகளும் ஒருவரையொருவர் கேலி பேசத் தயங்கவில்லை என்பது தெரியும்.

அப்புதிய சுற்று தொடங்கிய இரண்டே மாதங்களில் கொரோனாத் தொற்று உலகை அடைத்தது. படிப்பகங்கள் பூட்டப்பட்டன, பாடம் திரைக்குப் போனது. திருப்பலியைத் தொலைக்காட்சியில் கண்ட நமக்கு அவர்களுக்குள் அப்போது எழுந்த கேள்வி அந்நியமாகத் தோன்றாது. பொதுச்செபத்திற்குப் பத்துப்பேர் வேண்டும். திரையில் தெரியும் பத்து முகங்கள் பத்துப்பேர் ஆவார்களா? ஆகமாட்டார்கள் என்று வைதிக ரபிகள் பெரும்பாலோர் கூறினர். மற்றொரு பிரிவினர் நெருக்கடிக்கென்று இளக்கம் தந்தனர். படிப்பைப் பற்றி அவ்வழக்கு எழவேயில்லை. செபத்திற்கு உடல்கள் கூடவேண்டும், படிப்புக்குக் குரல் போதும் என்று, விவாதம் ஏதுமின்றியே முடிவாகிவிட்டது. பழைய அறிஞர்கள் இதை ஏற்றிருப்பார்களா என்பது நமக்கு ஐயமே. அவர்கள் மரபில் மாணவர் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, மேசையைத் தட்டி, உரத்த குரலில் வாதாடிப் படிப்பர். அத்தட்டும் ஒலியைத் திரை கடத்தும். தோழர் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கும் அந்தக் கணத்தில் அவர் முகத்தில் தெரியும் ஐயத்தைக் கடத்துமா?

2,711 நாள்களை எண்ணினால் அச்சுற்று 2027 ஜூனில் முடிகிறது. இதற்கிடையே வாரந்தோறும் வெள்ளி மாலை கதிரவன் மறையும்போது, அச்சமூகத்தின் கருவிகள் யாவும் அணைக்கப்படுகின்றன. ஓய்வுநாளில் மின்கருவியைத் தொடலாகாது. நாளேடு ஓய்வுநாளுக்காக நிற்பதில்லை. அன்றைக்கும் ஓர் ஏடு உண்டு. ஆறு நாள்கள் திரையில் படித்தவர் அன்று அலமாரியிலிருந்து கனத்த நூலை இறக்குகிறார். நடுவில் மூலம், கட்டு ஓரத்தில் ராஷி, மேல் மூலையில் வெனிஸ் நகரத்து எண்.