தோற்கிற வருஷத்து ஏஜென்ட்

தமிழ்நாட்டுத் தேர்தல் வரலாறு என்றால் எல்லோரும் மேடையைத்தான் எழுதுகிறார்கள். 1967-ல் விருதுநகரில் காமராஜர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றது நமக்கெல்லாம் மனப்பாடம். அந்த ஓட்டுகளைச் சாவடிக்குள் உட்கார்ந்து காவல் காத்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. வாத்தியார் வேலையோடு தேர்தல் டியூட்டியும் பார்த்தவன் நான். மேடையைவிட வேட்பாளர்களின் ஏஜென்டுகள் உட்காரும் பெஞ்சுதான் எனக்குப் பழக்கம்.

அந்த பெஞ்சுக்கு வயது நம் ஓட்டுரிமையின் வயது. 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்த முதல் பொதுத்தேர்தலில் யாரும் முத்திரை குத்தவில்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட்டால் முடிந்தது. 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்பதால் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் செய்த ஏற்பாடு அது. அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. மறைவுக்குள் போனவர் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வந்து வெளியே விற்றுவிடலாம். வாங்கியவரின் ஆள் உள்ளே போகும்போது அத்தனையையும் ஒரே பெட்டியில் தள்ளிவிடலாம். அன்றைய ஏஜென்டின் கண்ணெல்லாம் வாக்காளரின் மடிமேல்தான். 1962-ல் எல்லாச் சின்னமும் ஒரே சீட்டில் அச்சாகி முத்திரை வந்தது. மைசூர் பெயின்ட்ஸ் மையும் அதே தேர்தலில் வந்தது. கண் மடியை விட்டு விரலுக்கு மாறியது.

மாறாதது ஒன்று உண்டு. ‘இவர் அவரில்லை’ என்று ஏஜென்ட் எழுந்து ஆட்சேபிக்க இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். விளையாட்டுக்கு ஆட்சேபித்தால் அந்தப் பணம் போச்சு. எல்லா விலையும் ஏறிய நாட்டில் அது மட்டும் இரண்டு ரூபாயிலேயே நிற்கிறது. முகம் தெரிந்த உள்ளூர்க்காரர்தான் இதைச் செய்ய முடியும். அதனால்தான் ஏஜென்ட் அந்தப் பகுதி வாக்காளராக இருக்க வேண்டும் என்று விதி.

1991-ஐச் சொல்கிறேன். மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் பல ஊர்களில் தி.மு.க. கொடிக்கம்பங்கள் சாய்க்கப்பட்டன, கட்சிக்காரர் வீடுகள் தாக்கப்பட்டன. ஜூனில் ஓட்டு. முடிவு என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு விழுந்த கிராமத்தில் தி.மு.க. ஏஜென்ட் வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். விடிவதற்குள் வந்துவிட்டார். சைக்கிள் கடை வைத்திருந்தவர். கையில் கிரீஸ் போகவில்லை, காதில் பென்சில். பக்கத்தில் அ.தி.மு.க. ஏஜென்ட், அவருக்கு மச்சான் முறை.

“என்ன மச்சான், வந்து என்னத்துக்கு?”

“உங்க ஆளு செயிக்கட்டும். செத்துப்போன எங்க பெரியப்பாவும் வந்து போட்டுட்டுப் போயிடக் கூடாதுல்ல.”

மத்தியானம் ஒரு இளைஞன் வந்து, திருப்பூருக்குப் பிழைக்கப் போயிருந்த ஒருவரின் பெயரைச் சொன்னான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து, “இவன் இல்ல சார்” என்றார்கள். இரண்டு ரூபாய்க்கு வேலையே வரவில்லை, பையன் நழுவிவிட்டான். சாயங்காலம் பெட்டிக்கு அரக்கு வைக்கும்போது இரண்டு பேரும் தங்கள் முத்திரையை வைத்தார்கள். தி.மு.க.வுக்குக் கிடைத்தது மாநிலம் முழுக்க இரண்டே இடம்.

ஐந்து வருஷத்தில் எல்லாம் தலைகீழ். 1996-ல் அ.தி.மு.க.வுக்கு நான்கு இடம். பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். அந்த முறை வேறு ஊரில், தோற்கப்போவது தெரிந்தே வந்து உட்கார்ந்தவர் இலைக்காரர். (அதே தேர்தலில்தான் மொடக்குறிச்சியில் எதிர்ப்பைக் காட்ட விவசாயிகள் திரண்டு மனுப் போட்டு, களத்தில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாயிற்று. ஆளுக்கொரு ஏஜென்ட் என்று கேட்டிருந்தால் பெஞ்சுக்கு எங்கே போவது!)

இப்போதும் தேர்தல் வந்தால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோகிறது. குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து பாதிப் பேர் வெளியேறுகிறார்கள். மிச்சப் பேர் ‘எவன் வந்தா என்ன’ என்கிறார்கள். அந்தச் சலிப்பை அறிவாளித்தனம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதன்மேல் மரியாதை இல்லை. அந்த சைக்கிள் கடைக்காரருக்குச் சலித்துக்கொள்ள எல்லாக் காரணமும் இருந்தது. அவரோ தன் கட்சி செயிக்கும் என்று நம்பி வரவில்லை. எண்ணிக்கை ஒழுங்காக இருந்தால்தான் அடுத்த தடவை என்று ஒன்று வரும் என்று நம்பி வந்தார். 1996 அவர் கணக்கைச் சரி பார்த்தது.

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தது. அரக்கு வாசம் குறைந்தது, பெஞ்சு அப்படியேதான். பேரன் வயதுப் பிள்ளைகள் ‘நாங்க என்ன தாத்தா செய்யறது’ என்று கேட்டால், பிடித்த வேட்பாளரிடம் போய்ப் ஏஜென்டாக நியமிக்கும் படிவம் 10-ல் கையெழுத்து வாங்கச் சொல்கிறேன். ஓட்டு ஏழு மணிக்கு என்றால் ஐந்தரைக்கே போய்விட வேண்டும். ஐம்பது ஓட்டாவது போட்டுப் பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவை விட்டுவிடக் கூடாது. எதிர்க்கட்சி ஏஜென்டின் பெயரைக் கேட்டுக்கொள்ளலாம், நாள் முழுக்க அவரோடுதான் உட்கார வேண்டும். சாயங்காலம் எத்தனை அவசரமானாலும் பதிவான ஓட்டுக் கணக்கு எழுதிய படிவம் 17சி-யின் நகலை வாங்காமல் எழுந்து வரக் கூடாது.