விடுமுறை ஓவியரும் தொழில் ஓவியரும்: யாழ்ப்பாணத்து ஓவிய வரலாற்றில் ஒரு பாகுபாடு

யாழ்ப்பாணத்து நவீன ஓவியத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது விசித்திரமானதொரு நிலைமையாகும். ஓவியர் எனப் பெயர் பெற்றோருட் பெரும்பாலோர் ஓவியத்தால் வாழ்ந்தவரல்லர். தூரிகையே பிழைப்பாகக் கொண்டிருந்தோர் ஓவியர் எனப் பெயர் பெற்றாரல்லர். கோயில் வாகனத்துக்கு வர்ணந் தீட்டியவரும், நாடகத் திரைச்சீலை எழுதியவரும், கடைப் பெயர்ப்பலகை வரைந்தவரும் 'வேலைகாரர்' ஆயினர். பாடசாலை முடிந்த பின்னர் நிலக்காட்சி தீட்டிய ஆசிரியரே 'கலைஞர்' ஆனார். இப்பாகுபாடு கலைத்தரம் பற்றியதா, சமூகத்தரம் பற்றியதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இதன் வேரை வட்டுக்கோட்டையில் தேடுவது பொருத்தமுடைத்து. 1823இல் அமெரிக்க மிஷனார் அங்கு நிறுவிய செமினறி கணிதம், வானியல், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றை உயர்தரத்திற் போதித்தது. கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை என அறிஞர் வரிசையொன்று அங்கிருந்து எழுந்தது. ஓவியரெனப் பெயர் பெற்றார் எவரையும் அவ்வரிசையிற் காண்டல் அரிது. ஆங்கிலங் கற்றோர் ஊழியத்துக்கு வராது அரசாங்க உத்தியோகத்தை நாடினர் என்பது 1855இல் செமினறி மூடப்பட்டமைக்கான முக்கிய காரணங்களுள் ஒன்று. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அவ்விடத்திலேயே தோன்றியபோதும் கல்விக்கும் உத்தியோகத்துக்குமிடையிலான பிணைப்புத் தளரவில்லை. எழுதுவினைஞர், ஆசிரியர், வழக்கறிஞர் என்போரைக் கொண்ட ஒரு நடுத்தர வர்க்கம் உருவாயிற்று. கைவினை குலத்தொழிலாகவே எஞ்சியது. அதனைச் செய்தோருக்குக் கல்லூரி வாயில் எளிதில் திறக்கவுமில்லை. கையுழைப்புக்கும் கல்விக்கும் இடையே முன்னரே இருந்த சாதிச்சுவரை மிஷன் கல்வி கட்டவில்லையாயினும், அதற்குப் புதுச் சாந்து பூசிற்று என்பதில் ஐயமில்லை.

அதே வட்டுக்கோட்டை வடமோடிக் கூத்துக்கும் பேர்போன ஊராகும். அங்கு கூத்தாடுவோர் கூத்தினாற் பிழைப்பவரல்லர். பகலில் வேறு தொழில் புரிவோர். ஆயினும் அவரைப் 'பொழுதுபோக்குக் கலைஞர்' என்று ஊரார் எவரும் கூறார். அண்ணாவியார் முன்னிலையிற் பலகாலம் பழகி, ஊரறியக் களரியேறுபவனின் ஆட்டத்தை அளக்கும் கோல் ஊரின் நினைவிலேயே உண்டு. ஊதியம் பெறாமையும் பயிற்சி பெறாமையும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 'அமெச்சூர்' என்ற சொல் நம்மிடையே இவ்விரண்டையும் குழப்பிவிட்டது.

அச்சொல்லின் மூலப்பொருள் விரும்புபவர் என்பதே. 'டிலெற்றன்ரி' என்பதும் மகிழ்ச்சியை அடியாகக் கொண்டதே. 1734 அளவில் இலண்டனில் அப்பெயருடன் சங்கமமைத்தோர் இத்தாலிக்குச் சென்று மீண்ட பிரபுக்கள். உழைக்க வேண்டாத ஓய்வே அவர்தம் இரசனையின் மூலதனமாயிருந்தது. நம்மவர் நிலைமை வேறு. 1891இல் சென்னையிற் பம்மல் சம்பந்த முதலியார் தோற்றுவித்த சுகுண விலாச சபையில் படித்தவர்கள் நடித்தபோது அது கௌரவமாயிற்று. கூலிக்கு நடித்தவர் 'கூத்தாடி'யாகவே இருந்தனர். ஊதியம் வாங்காமையே கௌரவத்தின் அடையாளமாகியது.

ஓவியத்தில் மாற்றத்தின் வாயில் கல்வித் திணைக்களமே. 1920இல் சித்திரப் பிரதம பரிசோதகராக இலங்கைக்கு வந்த சி. எப். வின்சர், மாதிரியைப் பார்த்து வரையும் பழைய முறைக்கு மாறாக மாணவரின் கற்பனைக்கு இடமளித்தார். அவர் பெயராலேயே 1938இல் வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் 'வின்சர் ஆர்ட் கிளப்'பை நிறுவினார். அதிற் பயின்றோரும் காட்சிக்கு வைத்தோரும் பெரும்பாலும் சித்திர ஆசிரியர்களே. பின்னர் அ. மாற்கு (1933–2000) முதலியோர் இயக்கிய கழகமோ தன் பெயரிலேயே நிலைமையை ஒளிக்காது கூறிற்று: விடுமுறைக்கால ஓவியர் கழகம். பாடசாலை விட்ட நாட்களே தூரிகை எடுக்கும் நாட்கள் என்பது இதன் பொருள். நேர்மையான பெயர்!

கொழும்பில் 1943இல் உருவான '43 குழு'வை இதனுடன் ஒப்பிடல் பயன்தரும். அதன் உந்துசக்தியான லயனல் வென்ட் சட்டம் பயின்றவர்; பியானோக் கலைஞர்; புகைப்படத்தில் உலகத்தரம் கண்டவர். ஜஸ்ரின் தரணியகல செல்வக் குடும்பத்தவர். அங்கும் ஓவியத்தை விற்று வாழ்ந்தோர் சிலரே. ஆனால் அவர்தம் ஓய்வுக்குச் சொத்தும், ஐரோப்பியத் தொடர்பும், வாங்குவோரும் துணைநின்றன. யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கு மாதச் சம்பளமும் பாடசாலை விடுமுறையுமே துணை. இருவரையும் ஒரே சொல்லால் அமெச்சூர் எனல் வர்க்க வேறுபாட்டை மறைப்பதாகும்.

இதனால் விளைந்த குறைகளை மறுப்பதற்கில்லை. உருவப்படமும் நிலக்காட்சியும் மேலோங்கின. பரீட்சைப் பாடத்திட்டத்தின் சாயல் நெடுங்காலம் படிந்திருந்தது. வாங்குவோர் இல்லாதவிடத்து விமரிசனமும் வளரவில்லை. நண்பர் பாராட்டே அளவுகோலாயிற்று. ஆனால் இக்குறை ஓவியரைக் காட்டிலும் சுவைஞரையே சாரும். நாட்காட்டித் தெய்வப்படத்தைச் சுவரில் மாட்டி, வருடத்துக்கொரு கண்காட்சியில் தலைகாட்டிய கற்றோர் குழாமே உண்மையில் நுனிப்புல் மேய்ந்தது. மாற்கு போன்றார் அச்சூழலிலிருந்தும் கோட்டை உடைத்து, உருவைச் சிதைத்து, புதுமொழியொன்றைத் தேடினர். அவரிடம் பயின்ற சனாதனன், நிலாந்தன், வாசுகி முதலியோரின் பணி, விடுமுறை நாட்களிற் கற்பித்தது எத்துணை ஆழமாய் வேரூன்றியது என்பதைக் காட்டும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் மாற்குவின் படைப்புகள் பல இழக்கப்பட்டன. பேணுதற்கென நிலையமொன்று இல்லாத சமூகத்தில் ஓவியம் ஓவியனின் வீட்டோடு அழிந்தது.

மறுபுறத்தில், தொழில் ஓவியரின் இழப்பு அளவிடவும் இயலாதது. கையொப்பமிடும் வழக்கம் அவர்க்கில்லை. தேரும் வாகனமும் புதுப்பிக்கப்படுந்தோறும் முந்தைய கையின் வர்ணம் மறைகின்றது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறும் சித்திரமும் பட்டப்படிப்புப் பாடங்கள். ஆய்வேட்டுக்கு விடயந் தேடும் மாணவர், வின்சர் கழகத்தாரின் பெயர்களோடு, வலிகாமத்துக் கோயில்களில் வேலைசெய்த ஆசாரியரின் பெயர்களையும், பெயர்ப்பலகை எழுதிய குடும்பங்களின் பெயர்களையும் முதியோரிடம் கேட்டுப் பதிவது அவசரமானதொரு பணியாகும். அவற்றைச் சொல்லக்கூடியோர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர்.