முப்பரிமாண எக்கோவும் இடது கீழறையின் ஒத்திசைவும்

இதயத்தின் இடது கீழறைச் சுவர் முழுதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுருங்குவதை ஒத்திசைவு என்கிறோம். முப்பரிமாண எக்கோ அதை அளக்கும் அல்ட்ராசவுண்ட் முறைகளுள் ஒன்று. நோயாளியின் இதயத்தில் எது பிசகு என்று சொல்வதற்கு முன், நலமான இதயத்தில் எவ்வளவு நேர வேறுபாடு இயல்பு என்று தெரிய வேண்டும். இத்துறையின் முதன்மையான கேள்வி அதுதான்.

சுனாவோ தவாரா 1906இல் இதயத்தின் மின்கடத்துத் திசுவை ஒரே தொடர்ச்சியான அமைப்பாக விவரித்தார். அந்தப் பாதையைத் தவிர்த்துக் கீழறையின் மேற்பரப்பில் நேரடியாகத் தூண்டினால் சுருக்கம் வலுவிழக்கிறது என்பதை 1925இல் கார்ல் விக்கர்ஸ் விலங்குச் சோதனைகளில் காட்டினார். ஆனால் உயிருள்ள மனிதரின் இதயச் சுவர் அசைவதை வெளியிலிருந்து தெளிவாகக் காண வழி இருக்கவில்லை. அந்த வழி சுவீடனில் பிறந்தது. உலோகத்தின் உள்விரிசலைக் கண்டறியும் மீயொலிக் கருவியைக் கொண்டு, 1953 அக்டோபர் 29 அன்று லுண்ட் நகரில் இங்கெ எட்லரும் ஹெல்முத் ஹெர்ட்ஸும் இதயத்தின் எதிரொலியைப் பதிவுசெய்தனர்.

அது ஒற்றைக் கோட்டில் தெரிந்த அசைவு. 1970களில் இருபரிமாண வெட்டுத்தோற்றம் பரவியது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஓலாஃப் வான் ராம் குழு இதயத்தை முழுக் கன உருவமாக அப்போதைக்கப்போதே காட்டும் கருவியை உருவாக்கியது. கீழறைச் சுவர் முழுவதையும் ஒரே துடிப்பில் ஒப்பிட அது வழிசெய்தது.

லண்டனின் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்த கபெடனாகிஸ், மொனஹன் குழு 2005இல் ஓர் அளவீட்டை முன்வைத்தது. கீழறையை 16 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன் மிகச்சிறிய கன அளவை எட்டும் நேரத்தைக் குறிக்கிறார்கள். அந்த 16 நேரங்களின் திட்ட விலக்கத்தை இதயச் சுழற்சியின் விழுக்காடாகச் சொன்னால் ஒத்திசைவின்மைக் குறியெண் கிடைக்கிறது. நலமான 89 தன்னார்வலர்களிடம் அதன் சராசரி 3.5. சுருங்கும் திறன் கடுமையாகக் குறைந்தவர்களிடம் அது 15க்கும் மேல். ஆக, நலமான இதயத்திலும் இந்த எண் பூச்சியம் அல்ல.

இந்த 3.5ஐக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு துடிப்பு ஒரு வினாடி நீடித்தால் 3.5 விழுக்காடு என்பது 35 மில்லிவினாடி. வினாடிக்கு 25 கன உருவங்கள் எடுக்கும் கருவியிலோ இரண்டு உருவங்களுக்கு இடைவெளியே 40 மில்லிவினாடி. அதாவது இயல்பான மாறுபாடு, கருவியின் கண்ணிமைப்பைவிடச் சிறியது. வேகத்தைக் கூட்ட, மூச்சை அடக்கச்சொல்லி அடுத்தடுத்த சில துடிப்புகளின் பகுதிகளை ஒன்றாக ஒட்டுகிறார்கள். துடிப்பு சீராக இல்லையென்றால் ஒட்டுப்போட்ட இடம் பிசகித் தெரியும். நோயுற்ற கீழறையில் சிக்கல் வேறு: சரியாகச் சுருங்காத துண்டின் கன அளவு வரைகோடு தட்டையாக இருப்பதால், அதன் மிகத் தாழ்ந்த புள்ளி எது என்பதே ஐயமாகிவிடும். ஆகவே, இந்தக் குறியெண்ணைக் கணக்கிடும் ஒரு நிறுவன மென்பொருளின் இயல்பு எல்லையை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்துவது, என் பார்வையில், ஏற்கத்தக்கதல்ல.

கீழறைகள் இரண்டையும் ஒருங்கே தூண்டும் பேஸ்மேக்கர் யாருக்குப் பலன் தரும் என்று முன்கூட்டியே அறியும் ஆசைதான் இவ்வளவு அளவீடுகளுக்கும் உந்துதல். 2008இல் வெளியான புராஸ்பெக்ட் ஆய்வு 12 எக்கோ அளவீடுகளைச் சோதித்தது; அவற்றில் ஒன்றுகூடத் தனித்து நம்பத்தக்கதாக அமையவில்லை. ஈசிஜியில் கீழறைத் தூண்டலைக் காட்டும் கியூஆர்எஸ் அலை குறுகலாக இருந்து, எக்கோவில் மட்டும் ஒத்திசைவின்மை தெரிந்தவர்களை எக்கோசிஆர்டி ஆய்வு எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு இச்சிகிச்சை பலன் தரவில்லை. சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததாக 2013இல் அது அறிவித்தது. இவ்விரு ஆய்வுகளும் முப்பரிமாண முறையை நேரடியாகச் சோதித்தவை அல்ல. ஆனாலும் அவற்றின் தாக்கம் எக்கோ அளவீடுகள் அனைத்தின்மீதும் விழுந்தது. இன்று அந்தப் பேஸ்மேக்கரைப் பரிந்துரைக்கும்போது மருத்துவர்கள் முதலில் பார்ப்பது கியூஆர்எஸ் அலையின் அகலத்தையும் வடிவத்தையும், கீழறையின் சுருங்கும் திறனையும்தான்.