யாருக்கான பாடம்? கண்டிப் பகுதியில் சிறு விவசாயப் பயிற்சியின் வரலாறு, 1821 – 2021

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் சில கிலோமீற்றர் சென்றால் பேராதனை. மகாவலியின் வளைவுக்குள் தாவரவியல் பூங்கா, மறுகரையில் கன்னொறுவையின் ஆய்வுப் பண்ணைகளும் பயிற்சி நிலையங்களும், சற்று அப்பால் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம். விவசாயத் திணைக்களத்தின் தலைமையகமும் இங்கேதான். விவசாய அறிவு இந்த அளவுக்கு ஓரிடத்தில் குவிந்த பகுதி இலங்கையில் வேறில்லை. ஆனால் அரை ஏக்கர் காணியோடு புதிதாகப் பயிர்ச்செய்கையில் இறங்கும் ஒருவருக்கு இந்நிறுவனங்கள் எப்போது, எந்த வடிவில் பாடம் சொல்லின? இக்கட்டுரை இந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறது. இருநூறு ஆண்டுகளில் பெரும்பகுதியில் இங்கே மாணவராக அமர்ந்தவர் விவசாயி அல்லர், விவசாயிக்கு அறிவுரை சொல்லப்போகும் உத்தியோகத்தர். விவசாயியே மாணவராக இருந்த சந்தர்ப்பங்கள் சில உண்டு. அவை ஏன் நிலைக்கவில்லை என்பதில்தான் இந்த வரலாற்றின் கனம் இருக்கிறது.

பேராதனைப் பூங்கா 1821இல் அலெக்சாண்டர் மூனின் பொறுப்பில் தொடங்கியது. தொடக்கம் முதலே அதன் நோக்கம் ஏற்றுமதிப் பயிர். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாகக் கருதியது. அந்நிலங்கள் ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற விலைக்குக்கூடத் துரைமாருக்கு விற்கப்பட்டன. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் வந்தபோது, பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். நோயை ஆராயப் பின்னர் வந்த மார்ஷல் வார்ட், ஒரே பயிரை இடைவெளியின்றிப் பரப்பியதே பூஞ்சணம் பரவ வழிசெய்தது என்று விளக்கினார். வீட்டைச் சுற்றிப் பலா, கமுகு நிழலில் கோப்பி வைத்திருந்த கண்டிக் கிராமவாசிக்கு அந்த விளக்கம் போய்ச் சேர எந்த வழியும் அன்று இல்லை. 1881இல் ஜோன் பெர்கசன் தொடங்கிய ‘த டிரொப்பிகல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ இதழும் ஆங்கிலம் படித்த தோட்டக்காரருக்கானது.

ஆனால் அந்தக் கிராமவாசியிடம் ஏற்கெனவே ஒரு பள்ளி இருந்தது. கண்டிய வீட்டுத்தோட்டத்தைத் தொலைவில் நின்று பார்ப்பவருக்கு அது காடு. உள்ளே போனால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு காரணம் உண்டு. மேல் அடுக்கில் தென்னை, பலா, கித்துள், கமுகு. அதற்குக் கீழே ஈரப்பலா, ஆனைக்கொய்யா, கராம்பு, சாதிக்காய். மரத்தண்டுகளில் மிளகுக்கொடி. நிழலில் கோப்பி, இஞ்சி, கிழங்கு வகைகள். பள்ளத்தில் வயல். வி. ஜே. ஜேக்கப்பும் டபிள்யூ. எஸ். அல்லஸும் 1987இல் இத்தோட்டங்களைப் பற்றி எழுதிய கட்டுரை இவற்றை உலக வேளாண்காட்டியல் துறையின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, பி. கிருஷ்ணராஜா 1985இல் தந்த மண்ணரிப்பு அளவீடுகள் இன்னும் உறுதியான சான்றாக இருந்தன. மலைச்சரிவில் மண் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் புகையிலை பயிரிட்டால் ஒரு ஹெக்டேயரிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 70 தொன் மண் கழுவப்படுகிறது. கலப்பு வீட்டுத்தோட்டத்தில் அது 0.05 தொன்.

இந்தத் தோட்டத்தில் கற்றல் நடந்த விதமும் கவனிக்க வேண்டியது. பிள்ளை தாயோடு மிளகு பறிக்கப் போகும்போதே எந்த மரத்தில் கொடி ஏறும், எந்தக் கிளையை எந்த மாதம் வெட்ட வேண்டும் என்பது கைக்கு வந்துவிடும். வயல் வேலையில் அத்தம் என்ற கைமாற்று முறை இருந்தது. இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ. புதிதாக வந்தவர் பத்து வயல்களில் பத்து விதமான நாற்று நடவைப் பார்த்துவிடுவார். இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். காணியும் உறவும் உள்ளவருக்கே அது கதவைத் திறந்தது.

அரசின் முறையான விவசாயக் கல்வி கண்டிக்கு நேரே வரவில்லை. பொதுப் போதனைப் பணிப்பாளர் எச். டபிள்யூ. கிறீன் 1884இல் கொழும்பில் விவசாயப் பாடசாலையை நிறுவினார். அது நீடிக்கவில்லை. 1901இல் தொடங்கிய பாடசாலைத் தோட்டத் திட்டம்தான் முதன்முறையாகக் கிராமத்துப் பிள்ளையை மண்ணோடு சேர்த்து மாணவராகக் கருதியது. சி. டிரீபெர்க் அதை மேற்பார்வையிட்டார். பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் ஒரு துண்டு நிலம், அதில் காய்கறியும் பழமரங்களும், கற்றதை வீட்டில் செய்துபார்க்க விதைகள். செலவு குறைந்த, எளிய ஏற்பாடு. பிற்காலத்தின் பெரிய திட்டங்கள் பலவற்றைவிட இதுவே இலக்குக்கு நெருங்கி வந்தது என்று கருதுகிறேன்.

1902இல் கன்னொறுவைப் பரிசோதனை நிலையம், 1904இல் ஆளுநர் ஹென்றி பிளேக் காலத்தில் இலங்கை விவசாயச் சங்கம், 1912இல் விவசாயத் திணைக்களம், 1916இல் பேராதனையில் வெப்பவலய விவசாயப் பாடசாலை என்று நிறுவனங்கள் வரிசையாக எழுந்தன. அந்தப் பாடசாலையில் படித்தவர்களில் பலர் திணைக்களத்தின் விவசாயப் போதனாசிரியர்களானார்கள். இங்கேதான் பாதை பிரிகிறது. படிப்பு வயலிலிருந்து அலுவலகத்துக்குப் போகும் படிக்கட்டாயிற்று. குண்டசாலையில் பெண்களுக்கென நடந்த பண்ணைப் பாடசாலை ஓரளவு விலகி நின்றது, அங்கே கைவேலைக்கு முக்கிய இடம் இருந்தது. ஆனாலும் காலப்போக்கில் குண்டசாலை விவசாயக் கல்லூரியும் உத்தியோகத்துக்கான டிப்ளோமாவைத் தரும் இடமாகவே பெயர்பெற்றது.

எதிர்த்திசையில் ஒரு முயற்சி 1930களில் நடந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1931இல் கல்வி அமைச்சரான பிறகு, பேராதனைக்கு அருகிலுள்ள ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் உருவாகியது. விவசாயமும் கைத்தொழிலும் சுற்றுப்புறமும் அதன் பாடத்தின் நடுவில் இருந்தன, எழுத்தும் கணக்கும் அவற்றிலிருந்து கிளைத்தன. அது ஏன் பரவவில்லை? கிராமத்துப் பெற்றோர் விரும்பியது பிள்ளை மண்வெட்டியிலிருந்து தப்புவதை. நகரப் பிள்ளைக்கு ஆங்கிலமும் கிராமப் பிள்ளைக்கு விவசாயமும் என்ற பிரிவு அநீதியாகத் தெரிந்தது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விவசாயிக்கு மதிப்பும் காணியும் தராத நாட்டில், விவசாயக் கல்வி ஒரு பின்கதவாகவே தோன்றும்.

காணியின் நிலையை 1951இல் வெளியான கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை விரிவாகப் பதிந்தது. தோட்டங்கள் சூழ்ந்துவிட்ட கிராமங்களில் அடுத்த தலைமுறைக்கு நிலம் இல்லை என்பதே அதன் மையம். அதே காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விவசாய, மிருக வைத்திய பீடம் உருவாகியிருந்தது, 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1975இல் பட்டப்பின் விவசாய நிறுவனமும் வந்தது. நெல்லிலும் மண்ணிலும் இவற்றின் பங்களிப்பு பெரிது. ஆனால் இவை பட்டதாரிகளுக்கான இடங்கள், அவ்வளவே.

விவசாயியின் வாசலுக்கு உண்மையில் போனவர் கிராமமட்ட விரிவாக்க உத்தியோகத்தர். 1970களின் பிற்பகுதியில் உலக வங்கியின் ஆதரவோடு ‘பயிற்சியும் வருகையும்’ என்ற முறை வந்தது. இரு வாரத்துக்கு ஒருமுறை உத்தியோகத்தருக்குப் பயிற்சி, பிறகு அவர் குறிப்பிட்ட நாளில் தொடர்பு விவசாயியைச் சந்திப்பார். மேலிருந்து கீழே செய்தி இறக்கும் முறைதான், அதன் குறைகள் பலராலும் எழுதப்பட்டவை. ஆனாலும் கேள்வி கேட்க ஒரு மனிதர் வந்தார். 1989 அளவில் இந்த ஊழியர்களில் சுமார் 2,400 பேர் கிராம சேவகர்களாக மாற்றப்பட்டனர். அதிகாரப் பகிர்வால் விரிவாக்கப் பணி மாகாண சபைகளுக்கும் மத்திக்கும் இடையே பிளவுபட்டிருந்த நேரம் அது. ஒரே உத்தரவில் கிராமத்தின் விவசாய ஆசிரியர் பதிவேட்டு அலுவலரானார். என் கணிப்பில் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சிறு விவசாயக் கல்விக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு இதுவே. இன்று 1920 என்ற எண்ணுக்கு அழைத்துத் திணைக்களத்திடம் ஆலோசனை பெறலாம். அது பயனுள்ள சேவை. ஆனால் தொலைபேசியில் இலையின் பின்பக்கத்தைப் புரட்டிக் காட்ட முடியாது.

1990களில் வந்த விவசாயிகள் களப்பள்ளி இந்த இடைவெளியை நிரப்ப முயன்றது. இந்தோனேசியாவில் கபிலத் தத்திகளால் நெல் அழிந்த அனுபவத்திலிருந்து பிறந்த முறை இது. ஒரு போகம் முழுதும் விவசாயிகள் குழுவாக வயலில் கூடி, பூச்சிகளையும் அவற்றை உண்ணும் சிலந்திகளையும் எண்ணி, மருந்து தேவையா என்று தாங்களே முடிவெடுப்பார்கள். ரொபர்ட் டிரிப், மகிந்த விஜேரத்ன, ஹிரோஷினி பியதாச ஆகியோர் இலங்கைக் களப்பள்ளிகளைப் பற்றி 2005இல் வெளியிட்ட ஆய்வு, பயின்றவர்கள் பூச்சிகொல்லியைக் குறைத்ததைக் காட்டியது. அயலவருக்கு அந்த அறிவு அதிகம் பரவவில்லை என்பதையும் அது மறைக்கவில்லை. அது வியப்புக்குரியதல்ல. ஒரு போகம் பொறுமையாகப் பார்த்துப் பெற்றதை வேலிக்கு மேலால் நாலு வார்த்தையில் கொடுத்துவிட முடியாது.

அரசுக்கு வெளியே கலஹாவில் ரஞ்சித் டி சில்வா கட்டிய கமி சேவா செவன, கிராமத்து இளைஞர்களுக்கு இயற்கை விவசாயத்தைப் பண்ணையிலேயே கற்பித்தது. மாடு, சாணம், கூட்டெரு, பயிர் என்ற சுற்றை முழுமையாகப் பார்த்துக் கற்கும் இடம். கண்டி மலைகளின் சிறு தேயிலை, வாசனைப் பயிர் விவசாயிகளைச் சங்கமாக்கி நியாய வணிகச் சந்தையோடு இணைத்த முயற்சிகளும் 1990களில் வளர்ந்தன. மாற்றத்துக்கு ஆண்டுகள் பிடிக்கும் என்பதை இவர்கள் அறிந்திருந்தார்கள். 2021 மே மாதம் இரசாயன உர, பீடைகொல்லி இறக்குமதியை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் அரசு நிறுத்தியபோது, அந்த அனுபவம் கேட்கப்படவில்லை. பேராதனையின் விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். வெளிப்படையாகப் பேசிய பேராசிரியர் புத்தி மாரம்பே அமைச்சுப் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். நவம்பரில் தடை தளர்ந்தது, அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. பயிற்சியின் இடத்தில் ஆணையை வைத்ததன் விளைவை நெல் விவசாயியும் சிறுதேயிலைக்காரரும் விளைச்சலில் அனுபவித்தார்கள்.

இந்த வரலாறு முழுவதிலும் ஒரு சமூகம் வெளியே நிறுத்தப்பட்டது. கண்டி மலைகளின் தேயிலை மண்ணை நான்கைந்து தலைமுறையாக அறிந்தவர்கள் மலையகத் தமிழர்கள். கவாத்து, கன்றுமேடை, மலைக்காட்டின் நீர்வழி எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. லயத்துக்கு அருகிலுள்ள சிறு பாத்திகளில் அவர்கள் விளைவித்த மரக்கறி அதற்குச் சாட்சி. ஆயினும் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின்போது நடு நாட்டுத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் விரட்டப்பட்டன. அவர்களில் ஒரு பகுதியினர் வவுனியாவுக்குச் சென்றபோது, டொக்டர் இராசசுந்தரமும் எஸ். ஏ. டேவிட்டும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களைப் பண்ணைகளில் குடியமர்த்தி, வறண்ட மண்ணில் பயிர்செய்யக் கைகொடுத்தது. கண்டியின் தோட்டத் தொழிலாளி முதன்முதலாகச் சொந்தப் பயிர்க்காரராகக் கற்ற இடங்களில் ஒன்று, கண்டிக்கு வெகுதூரத்தில் இருந்தது. 1983இல் நிறுவனர்கள் இருவரும் கைதாகி, இராசசுந்தரம் அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

2010களின் பிற்பகுதியின் வீட்டுத்திட்டங்கள் தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி தந்தன. அது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். 550 சதுர அடி வீடு எழுந்த பிறகு சுமார் 126 சதுர மீற்றர் மிஞ்சும். முற்றமும் பாதையும் போக, நன்றாகக் கிளைவிட்ட ஒரு பலாமரத்துக்கு அந்த நிலம் சரியாகிவிடும். மிளகு, கோப்பி, கிழங்கு, கீரை என்று கண்டிய வீட்டுத்தோட்டத்தின் மற்ற அடுக்குகளை அங்கே கற்பிக்க வரும் போதனாசிரியர், பாடத்தைத் தொடங்குமுன் தோட்டக் கம்பனியின் எல்லைக் கல்லைப் பார்க்க வேண்டியிருக்கும்.