முத்திரை யாருடையது? வட்டுக்கோட்டை, செரம்பூர், மன்னார்

இறையியல் படிக்க வேணும் என்றால் குருமடத்துக்குத்தான் போக வேணும் என்றிருந்த காலம் மன்னாரிலும் போய்விட்டது. மறையாசிரியர், பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவம் படிப்பிக்கிற ரீச்சர், தொழிலுக்குப் போய்வந்து இரவில் படிக்கிற இளைஞர் என்று எல்லாரையும் தேடித் தொலைக்கல்விப் பட்டங்கள் போனுக்கே வருகின்றன. "முழு அங்கீகாரம் பெற்றது" என்று விளம்பரம் சொல்லும். யாரிட்ட பெற்றது? இந்தக் கேள்விக்குப் பின்னால் இருநூறு வருசக் கதை ஒன்று இருக்கு.

1818இல் வங்காளத்தின் செரம்பூரில் வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். ஐந்து வருசம் கழித்து, 1823இல், அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். செரம்பூர் அப்போது டென்மார்க்கின் கையில் இருந்த ஊர். மார்ஷ்மன் கோபன்ஹேகன் வரை போய், 1827இல் ஆறாம் பிரெடரிக் மன்னரிடம் பட்டம் வழங்கும் சாசனத்தை வாங்கிவிட்டார். வட்டுக்கோட்டைக்கு அப்படி ஒரு சாசனம் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். சாசனம் இருந்த செரம்பூர் தன் முதல் இறையியல் பட்டங்களைக் கொடுத்தது 1915இல். 88 வருசம் முத்திரை சும்மா கிடந்தது. முத்திரை இல்லாத வட்டுக்கோட்டையில் தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல், வேதாகமம் எல்லாம் படிப்பித்தார்கள். 1855இல் அது மூடப்பட்டது. இரண்டு வருசத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும், வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். படிப்பு ஓரிடத்தில், முத்திரை இன்னோரிடத்தில்.

1858இல் இலண்டன் பல்கலைக்கழகம் இதையே ஒரு முறையாக்கியது. எங்கே படித்தாலும் சரி, பரீட்சையை எழுது என்றது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை, எங்கட ஆக்கள் பட்டம் எடுத்த முக்கியமான வழி இந்த வெளிவாரிப் பரீட்சைதான். ஆகவே தொலைக்கல்வி என்றாலே தரம் குறைந்தது என்று சொல்லிவிட ஏலாது.

இறையியலில் இந்த முறை 1963இல் குவாத்தமாலாவில் வேறு வடிவம் எடுத்தது. குடும்பத்தையும் தோட்டத்தையும் விட்டுவர முடியாத கிராமத்துப் போதகர்களைத் தேடி விரிவுரையாளர்களே போனார்கள். அதே வருசம் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி தொடங்கியது. படிப்பு சிங்களத்திலும் தமிழிலும். பட்டம் செரம்பூர் செனட் உடையது.

மன்னாருக்குக் கடல் தாண்டிய படிப்பு புதுசில்லை. 1914 முதல் தலைமன்னார்–தனுஷ்கோடி கப்பல் ஓடியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் போரோடு நின்றுபோனது. இப்போது ஆள் இங்கேயே இருக்க, பாடம் மட்டும் கடல் தாண்டி வருகிறது. முத்திரையும் கூடவே தாண்டி வருமா என்பதுதான் சிக்கல்.

ஏனென்றால் அங்கீகாரம் ஒன்றல்ல, இரண்டு. முதலாவது திருச்சபையுடையது. கத்தோலிக்கத் திருச்சபையில் திருப்பீடத்தின் பேரில் தரப்படும் இறையியல் பட்டங்களுக்கு உரோமையின் தனிச்சட்டம் உண்டு. 1979இல் வந்ததை 2017இல் புதுப்பித்தார்கள். இரண்டாவது அரசுடையது. இலங்கையில் 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் அதைப் பார்க்கின்றன. ஒரு மறைமாவட்டம் மதிக்கிற பட்டத்தை அரச வேலைக்கான நேர்முகத்தில் ஏற்காமல் விடலாம். அரசு ஏற்கிற பட்டத்தைத் திருச்சபை தன் பணிக்குப் போதாது என்றும் சொல்லலாம்.

வெளிநாட்டுப் பட்டங்களில் இன்னொரு முடிச்சு இருக்கு. அமெரிக்காவின் புளோரிடா போன்ற சில மாநிலங்களில், மத நிறுவனங்கள் அரச உரிமம் இல்லாமலே மதப் பட்டங்கள் வழங்கலாம். அது சட்டப்படி சரி. ஆனால் "சட்டபூர்வமானது" என்ற சொல்லுக்கும் "அங்கீகாரம் பெற்றது" என்ற சொல்லுக்கும் நடுவில் பெரிய கடல் கிடக்கு. அங்கீகாரம் கொடுத்ததாகச் சொல்லும் அமைப்பை யார் அங்கீகரித்தது என்றும் கேட்க வேண்டியிருக்கு.

ஆகவே காசு கட்ட முதல் மூன்று விசயம் பாருங்கள். பட்டத்தாளில் கையெழுத்திடப் போவது எந்த நிறுவனம்? அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது எந்தச் சட்டம், எந்த வருசம்? நீங்கள் பட்டத்தைக் கொண்டுபோய்க் காட்டப் போகும் இடம், மறைமாவட்டமோ கல்வித் திணைக்களமோ பல்கலைக்கழகமோ, அதை ஏற்குமா? மூன்றாவதற்கு அந்த இடத்திடமே பதில் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். விற்கிறவரின் வாய்ச்சொல் இதற்குக் காணாது.

படிக்கிற ஆசைக்காக மட்டும் படிக்கிறவருக்கு இந்தக் கவலை தேவையில்லை. முத்திரை இல்லாமலும் நல்லாய்ப் படிக்கலாம் என்பதற்கு வட்டுக்கோட்டை சாட்சி. பதவி உயர்வுக்காக மூன்று வருசச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டுகிற ரீச்சருக்கோ அந்த முத்திரைதான் முழுக் கணக்கும்.